வாரின் பதம்

2016ஆம் ஆண்டு பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில், ரங்கூனில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி வராந்தாவில் உட்கார்ந்து தாத்தாவின் தோல்வாருக்கு நல்லெண்ணெய் தேய்த்தேன். கீழே தெருவில் பிள்ளைகள் வாளியும் குழாயுமாக ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தகரப்பெட்டியில் கிடந்த தோல், ஊற்ற ஊற்ற எண்ணெயைக் குடித்தது. அது குடிக்கக் குடிக்க எனக்கு மகிழ்ச்சி கூடிற்று. தண்ணீர்ப் பந்தல் வைத்தவனுக்கு வரும் பெருமிதம் வந்துவிட்டது. மாலையில் வார் கருங்காலிப் பலகை போல மின்னியது. அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த "ம்" என்ன சொல்லிற்று என்று தெரிய எனக்கு ஆறு மாதங்கள் ஆயின.

எங்கள் வீட்டில் அதற்கு வார் என்றுதான் பெயர். சவரக்கத்தி தீட்டுவதற்காக நாற்காலிக் கையிலோ சுவர்க் கொக்கியிலோ தொங்கிய அந்தத் தோல்பட்டையைப் பழைய கடைகளில் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவைப்படாது. தாத்தாவுடையது இரண்டரை அங்குல அகலமும் ஏறத்தாழ இரண்டடி நீளமும் உடையது. முன்னால் தோல், பின்னால் தடித்த கித்தான். இரண்டும் மேல்முனையில் ஒரு பித்தளை வளையத்தில் சேர்கின்றன. ஊருக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேயரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியது என்பது குடும்பக் கதை. தாத்தாவின் சவரக்கடை ஃப்ரேசர் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது அனவ்ரதா சாலை என்று பெயர். 1964இல் கடைகள் அரசுடைமையாகி, வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கப்பலேறிய பிறகும் அவர் இங்கேயே தங்கி, 1980 வரை அந்த வாரில் தீட்டிய கத்தியால் தொழில் செய்தார். அவர் இறந்ததும் அப்பா அடைப்பத்தை, அதாவது சவரக் கருவிப் பையை, கட்டித் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எழுத்தர் வேலைக்குப் போய்ச் சட்டையில் மைக்கறையோடு திரும்பிய ஒருவர் அந்தப் பெட்டியை ஏன் திறக்க விரும்பவில்லை என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் திறந்ததற்கும் மேலான காரணம் எதுவும் இருந்ததில்லை. கடையில் வாங்கும் ரேசர் பட்ட இடமெல்லாம் எனக்குக் கழுத்தில் கொப்புளம் கிளம்பும். ஒற்றைக் கத்தியால் மழித்தால் கிளம்பாது என்று தோல் மருத்துவர் போகிற போக்கில் சொன்னார். பெட்டியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த இரண்டு கத்திகள் இருந்தன. கல்லில் தீட்டும் வேலையை ஒருவாறு கற்றுக்கொண்டேன். மீதி வேலையை வார் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். வாரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதைத் துடைத்துப் பளபளப்பாக்கினால் போதும் என்று நினைத்தேன்.

கல்லும் வாரும் செய்வது ஒரே வேலை என்று எண்ணியதில்தான் தவறு தொடங்கியது. கல் இரும்பைத் தேய்த்து எடுத்து வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, உருவாக்குகிறது. வார் இரும்பை எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். உருவான வாயைச் சீர்செய்கிறது. கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனமுள்ள இடம். ஒரு முறை மழித்ததும் அது அங்கங்கே மடங்கியும் சாய்ந்தும் போகிறது. இரும்பைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிர், அந்த இரும்பின் விளிம்பை எப்படிச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் சயின்ஸ் இதழில் விளக்கினார்கள். போதாததற்கு ரங்கூனின் மழைக்காலம் வேறு. துடைக்காமல் வைத்த கத்தியின் வாயில் ஓர் இரவுக்குள் கண்ணுக்குத் தெரியாத துரு படிந்துவிடும். முதுகை முன்னே விட்டு, வாயைப் பின்னே இழுத்து, பட்டையின் கோடியில் கத்தியை முதுகின்மேலேயே புரட்டித் திரும்பக் கொண்டுவரும்போது, மடங்கிய வாய் நிமிர்கிறது, துரு துடைபடுகிறது. கித்தானில் முப்பது, தோலில் அறுபது என்பது தாத்தாவின் கணக்காம். இந்த வேலை முழுவதும் நடப்பது கத்திக்கும் தோலுக்கும் இடையில் எழும் ஒரு மெல்லிய பிடிப்பில். பிடிப்பு இல்லாத தோலின்மேல் கத்தி வெறுமனே உலா போய்த் திரும்பும்.

நான் எண்ணெய் விட்ட வாரில் கத்தி உலாத்தான் போயிற்று. முதல் வாரத்தில் சத்தமே இல்லை. நல்ல வாரில் கத்தி போகும்போது ஒரு சன்னமான ஒலி எழும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனதை நேர்த்தி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரத்தில் கன்னத்தில் கத்தி இழுத்தது. திரும்பக் கல்லுக்குப் போனேன், திரும்ப வாருக்கு வந்தேன், இன்னும் மோசமாக இழுத்தது. கல்லில் கூர்மையாக இருந்த வாய், அறுபது முறை வாரில் போய்வந்ததும் மழுங்கித் திரும்பியது. காரணம் இப்போது தெரியும். எண்ணெய் ஊறிய தோல் மெத்தை போல ஆகிவிடுகிறது. கத்தியின் எடைக்கு அமுங்கி, கத்தி கடந்த நொடியில் வாய்க்குப் பின்னால் மேலெழும்பி, அந்த விளிம்பை உருட்டிவிடுகிறது. தொய்வாகப் பிடித்த வாரும் இதையேதான் செய்யும். அப்போதோ நான் கல்லைப் பழித்தேன், கத்தியைப் பழித்தேன், தாத்தாவின் ஷெஃபீல்டு இரும்பு தளர்ந்துவிட்டதோ என்றுகூட ஐயப்பட்டேன்.

பிறகு மழை பிடித்தது. நல்லெண்ணெய் பாதி உலரும் குணமுள்ள எண்ணெய். காற்றுப்பட்டுக் கெட்டித்துப் பிசினாகும். தாளித்த வாணலியின் விளிம்பில் படியும் மஞ்சள் பிசுக்கு எதுவோ, அதுவே என் வாரின்மேல் படிந்தது. தெருத்தூசி அதில் ஒட்டியது. ஆடியில் பூஞ்சையும் வந்தது. காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே தோலுக்கு ஆபத்து; ரங்கூனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டுகிறது. பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்த பூஞ்சையைப் பார்த்துப் பதறி, துணி சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வாரின் நடுவில், மேல்முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கி நீளவாக்கில் ஓடிய கருமையான ஒரு பட்டை இருந்தது. அது அழுக்கு என்று எண்ணினேன். அது போகும்வரை தேய்த்தேன். பாதிக்குமேல் போயிற்று.

ஒரு நகைக்கடை உருப்பெருக்கியை இரவல் வாங்கி அந்தத் தோலைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். கழுவிய இடத்தில் நார்கள் முடிச்சு முடிச்சாக எழும்பி, ஈரம் பட்ட கம்பளி போல் இருந்தன. கழுவாத ஓரத்தில் வேறொரு காட்சி தெரிந்தது: நெருக்கமான, படிந்த பரப்பு, ஆனால் கண்ணாடியும் அல்ல. மாட்டுத்தோலில் தெரிய வேண்டிய மயிர்க்கண்கள் எங்கும் காணப்படவில்லை. தோலில் மயிர்க்கண் இல்லாமல் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "மோல்மேன்ல பெரியப்பா இருக்காரு. அவரைக் கேளு" என்றார்.

மோல்மேனில்

பெரியப்பா எங்களுக்கு உறவினர் அல்லர். தாத்தாவிடம் பதினான்கு வயதில் தொழில் பழக வந்தவர். அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்குப் பெரியப்பா. மோல்மேனில், ஆற்றங்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், அவருடைய மகன் சவரக்கடை வைத்திருந்தார். மகன் பயன்படுத்தியது ப்ளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக்கொள்ளும் கத்தி. ஆளுக்கொரு ப்ளேடு, முடிந்ததும் குப்பையில். நோய்த்தொற்று அச்சம் வந்த பிறகு எங்கும் அப்படித்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாருக்கு அந்தக் கடையில் வேலையே கிடையாது. ஆனாலும் உள்சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கொண்டுபோனதைக் காகிதத்திலிருந்து பிரித்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, உள்ளங்கையின் அடிமேட்டை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை ஓட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"நல்லெண்ணெயா?"

"ஆமா, பெரியப்பா."

"தோசைக்கல்லுக்குத்தான்பா அதைத் தடவுவாங்க."

மகன் கடையில் மழித்துக்கொண்டிருந்த பர்மியர் ஒருவர், மொழி புரியாமலேயே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, சுவரில் தொங்கிய தம்முடைய வாரில் கை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். என்னுடையதில் ஓட்டச் சொன்னார். "என்ன வித்தியாசம்?" என்றார். "உங்களது கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு" என்றேன். "இல்லை, திரும்ப ஓட்டு." ஓட்டினேன். "வழுவழுன்னு இருக்கு." "அதுவும் இல்லை." இப்படி நான்கைந்து முறை. எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் தீர்ந்தன. சொரசொரப்பு என்றால் மணல்தாள், பலாத்தோல். வழுவழுப்பு என்றால் விலாங்கு, பாசி படிந்த படி. அவருடைய வார் இரண்டும் அல்லாமல், கை தடையின்றிப் போகிற மாதிரியும் இருந்தது, யாரோ பின்னாலிருந்து மெல்லப் பிடித்து இழுக்கிற மாதிரியும் இருந்தது. கழுவித் துடைத்த ஓர் உள்ளங்கையை இன்னோர் உள்ளங்கையின்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அது.

"அம்மி வழுக்கினா என்ன செய்வோம்? கொத்துவோம். வழுக்குற அம்மியில மிளகாய் அரைபடாது, ஓடும். வாரும் அப்படித்தான். ஆனா இதைக் கொத்த முடியாது. கையத்தான் வைக்கணும்" என்றார்.

மயிர்க்கண் இல்லாததன் காரணத்தையும் அவர் ஒரு வரியில் சொன்னார். குதிரையின் பிட்டத்துத் தோலாம். பின்னாளில் தேடிப் படித்தபோது அது சரியாகவே இருந்தது. குதிரைப் பிட்டத்தில் மேல்தோலுக்கு அடியில் ஒரு கெட்டியான நார்ப்படலம் இருக்கிறது. மேலே மயிர் முளைக்கும் படலத்தைச் சீவி எறிந்துவிட்டு இந்த அடிப்படலத்தை மட்டும் எடுத்துப் பதனிட்டுத் தேய்த்து மினுக்குகிறார்கள். காலணிக்காரர்கள் கார்டோவன் என்பது இதைத்தான். சவரவார்களில் உயர்வாக மதிக்கப்பட்டதும் இதுவே. நார் நெருக்கம் மிகுந்திருப்பதால் அமுங்காது, அமுங்காததால் வாயை உருட்டாது. ரஷ்யத்தோல் என்று இன்னொரு வகை உண்டு. பூர்ச்சமரத் தைலம் ஊட்டி, குறுக்கும் நெடுக்குமாக நுண்வரிகள் அழுத்தியது. கார்டோவன் வேகமாகப் போகும், ரஷ்யத்தோல் நிதானமாக இழுக்கும் என்பார்கள். இரண்டில் எது சிறந்தது என்ற சண்டையில் நான் இறங்கமாட்டேன். எதை எடுத்தாலும் நான் செய்ததைச் செய்தால் கெட்டுவிடும்.

அடுத்த இரண்டு நாட்களும் நான் அந்தக் கடையின் பின்கட்டில் கழித்தேன். முதலில் எண்ணெயை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடச் சீமைச்சுண்ணாம்பைப் பொடித்து, வாரின்மேல் விரல்கனத்துக்குப் பரப்பி, பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே பலகையும் செங்கல்லும் வைத்து, இளஞ்சூடான இடத்தில் வைத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்தால், வெள்ளைப்பொடி மஞ்சளாகி உருண்டை பிடித்திருந்தது. தட்டிவிட்டுப் புதுப்பொடி. ஆறு முறை மாற்றிய பிறகு மஞ்சள் குறைந்தது. பிறகு வாய் மழுங்கிய ஒரு பழைய கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே திசையில் வழித்தார். பிசினும் தூசியும் சாம்பல்நிறச் சேறாக வந்தன. அது சுத்தமானதும் தட்டையான நுரைக்கல்லை எடுத்தார். இங்கே என்னைத் தொடவிடவில்லை. ஒன்பது முறை, கல்லின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், நீளவாக்கில் ஓட்டினார். ஒவ்வொரு முறைக்கும் பிறகு கண்ணை மூடிக் கையை ஓட்டினார். ஒன்பதாவதோடு நிறுத்தியது ஏன் என்று கேட்டேன். "போதும்னு கை சொல்லிச்சு" என்றார். பத்தாவது ஓட்டத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பின்னாளில் வேறொரு தோலில் செய்து தெரிந்துகொண்டேன்: நார் நிமிர்ந்து பூனைமயிர் போல் எழுந்துவிடும், அதைப் படியவைக்கப் பல வாரங்கள் ஆகும்.

இரண்டாம் நாள் காலையில் சவரத் தூரிகையில் சோப்பு நுரை எடுத்து, நீர்ப்பதமாக இல்லாமல் கெட்டியாக, தோலில் தடவி உள்ளங்கையால் தேய்த்தார். நுரை மறையும்வரை தேய்த்தார். பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியைப் பட்டையின்மேல் படுக்கவைத்து, அப்பளக்குழவி உருட்டுவது போல நீளவாக்கில் உருட்டினார். சோப்பில் இருக்கும் கொழுப்பு, எழுந்த நாரைப் படியவைக்கும் அளவுக்குப் போதும் என்பது அவர் கணக்கு. துணிசோப்பில் முக்கிக் கழுவிய என் வேலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்று அவர் சொல்லவில்லை, நானே பார்த்துக்கொண்டேன். நிழலில் உலர்ந்த பிறகு, கடைசியாக, வெறுங்கையால் தேய்க்கும் வேலை. அதை என்னிடம் கொடுத்தார். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும், ஐம்பது முறை, கை காய்ந்திருக்க வேண்டும், வியர்த்திருக்கக் கூடாது, சாப்பிட்ட கை கூடவே கூடாது.

தேய்த்துக்கொண்டிருந்தபோது, என்னை அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். நடுவிலிருந்த கருமையை அழுக்கு என்று நினைத்துக் கழுவினேன், அது தாத்தாவின் கை என்பது இப்போதுதான் புரிகிறது, நாற்பது வருடத் தாத்தாவின் கையை ஒரு மதியத்தில் கழுவிவிட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் கம்மியிருக்க வேண்டும். பெரியப்பா சிரித்தார்.

"உங்க தாத்தா எங்க தம்பி தேய்ச்சாரு? அவரு கத்தி பிடிக்கிறவரு. காலையில கடை திறக்கிறதுக்கு முன்னால வார் தேய்க்கிறது பசங்க வேலை. ஒரு நாள் நான், ஒரு நாள் உங்க அப்பா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால நூறு தேய்க்கணும். தேய்க்கலேன்னா அந்த வாராலேயே ஒண்ணு விழும்."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதே, சூடு போயிடும்" என்றார்.

பதம்

மோல்மேனிலிருந்து திரும்பும் பேருந்தில் பெகு வரைக்கும் எனக்குப் பதம் என்ற சொல்லே ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா இரண்டு நாளில் அதை எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. கத்தி பதமா இருக்கு என்றால் கூர்மையாக இருக்கிறது என்று பொருள். வார் பதமா இருக்கு என்றால் தீட்டத் தகுந்த நிலையில் இருக்கிறது என்று பொருள். நுரை பதமா இருக்கணும் என்றால் நீர்க்காமலும் இறுகாமலும் இருக்க வேண்டும். பச்சைத்தோலை வாராக்கும் தொழிலுக்கே தமிழில் பதனிடுதல் என்றுதான் பெயர். கூர்மைக்கும், பக்குவத்துக்கும், தோலைத் தோலாக்கும் தொழிலுக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்திருக்கும் மொழியில் பிறந்தும், நான் ஒரு தோலுக்கு எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்பதை நல்லெண்ணெய்ப் புட்டியில் தேடியிருக்கிறேன்.

பதனிடுவதைப் பற்றிச் சிறிது சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எண்ணெயைப் பற்றிய என் பிழை அங்கிருந்துதான் கிளம்பியது. பச்சைத்தோல் அழுகாமல் நிற்பதற்குக் காரணம் துவர்ப்பு. மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ச்சத்து, தோலின் நார்ப்புரதத்தோடு பிணைந்து அதை இறுக்குகிறது. தமிழ்நாட்டில் அதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உலகெங்கும் போயிற்று. பர்மாவில் கருங்காலி இனத்து மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுக்கும் காசுக்கட்டி. ஒரு காலத்தில் பெகுவின் பெயரோடு ஏற்றுமதியான சரக்கு அது. தோலுக்கும் வலைக்கும் பாய்த்துணிக்கும் ஊட்டினார்கள், நம்மவர்கள் வெற்றிலையோடு மென்றார்கள். காசுக்கட்டி நாக்கை இழுத்துப்பிடிக்கிறதே, அந்த இழுப்புத்தான் தோலிலும் நடப்பது. அதன் பிறகு நார்கள் ஒன்றோடொன்று உரசி முறியாமலிருக்கக் கொஞ்சம் கொழுப்பு ஊட்டுகிறார்கள். அந்தக் கொழுப்பு நாருக்கு இடையில் ஒரு வழுக்குப்பொருள். வண்டியின் அச்சுக்கு மசகு போல. அச்சுக்கு மசகு போடுவதை வண்டிக்குச் சோறு போடுவதாக யாரும் சொல்வதில்லை. தோலுக்கு மட்டும் உணவு, தாகம், ஊட்டம் என்று பேசுகிறோம். விளம்பரங்களும் அப்படியே பேசுகின்றன. தோல் எண்ணெயை உறிஞ்சுவதைப் பார்த்து அது பசித்திருந்தது என்று நான் நினைத்தது இந்தப் பேச்சில் மயங்கித்தான். பஞ்சும்தான் உறிஞ்சுகிறது.

பெரியப்பா வாருக்கு எண்ணெயே ஆகாது என்ற கட்சி. அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மோல்மேனில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; அந்த ஊரில் தோல் வறண்டுபோக வாய்ப்பே குறைவு, கையின் பிசுக்கே அதற்குப் போதும். மண்டலேயில் என் மைத்துனர் வீட்டுக்கு ஒரு மாசி மாதத்தில் வாரைக் கொண்டுபோயிருந்தேன். பத்து நாளில் ஓரங்கள் விறைத்து, வளைத்தால் முறியும் போல ஒலித்தது. அங்கே இரண்டு சொட்டு எண்ணெய் தேவைப்பட்டது. மாட்டின் கால் எலும்பைக் காய்ச்சி எடுக்கும் நீட்ஸ்ஃபூட் ஆயில் என்ற ஒன்று குதிரைச்சேணக்காரர்களிடம் கிடைக்கிறது. நல்லெண்ணெய் போல் பிசினாகாது. இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, கையிலேயே தேய்த்துச் சூடாக்கி, ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லாத கையால் தோலைத் தேய்ப்பது. ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் தேவைப்பட்டால். ஜெர்மனியின் சோலிங்கன் கத்திக்காரர்கள் விற்கும் மஞ்சள் பசையும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. அதில் தேய்க்கும் துகள் கிடையாது, வெறும் கொழுப்பு. பச்சைநிறக் கட்டி வேறு. அது குரோமியம் ஆக்ஸைடு, இரும்பைத் தின்னும் நுண்துகள். அதைத் தெரியாமல் வெறுந்தோலில் தடவினால் அந்தத் தோல் அதற்குப் பிறகு வாராக இருக்காது, மெல்லிய சாணையாக ஆகிவிடும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அப்படி ஒரு நல்ல வாரை இழந்தார். பச்சைக்கட்டியைத் தடவத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தோல்துண்டைத் தேக்குப்பலகையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நான் தெயிங்ஜீ சந்தையில் வாங்கிய எருமைத்தோலை அதற்குத்தான் ஒதுக்கினேன். எருமைத்தோலின் கண்கள் பெரியவை, நார் தளர்ச்சி; வாருக்கு எவ்வளவு தேய்த்தாலும் பதத்துக்கு வரவில்லை. நுரைக்கல்லில் பத்தாவது ஓட்டம் ஓட்டியது அதன்மேல்தான்.

பூஞ்சைக்கு நான் கண்ட வழி ஒன்றே: வாரைப் பெட்டியில் வைக்காமல் காற்றோட்டத்தில் தொங்கவிடுவது, தினமும் கை படுவது. தினமும் கை படுகிற தோலில் பூஞ்சை வந்து நான் பார்த்ததில்லை. தாத்தாவின் கடையில் எத்தனையோ மழைக்காலம் தாண்டியும் வராத பூஞ்சை, என் எண்ணெய்க்குப் பின்னால் ஒரே ஆடியில் வந்தது.

அப்பாவின் "ம்"

மோல்மேனிலிருந்து வந்த அன்றிரவே அப்பாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வாரை வராந்தா ஜன்னலின் சட்டத்தில் அவர் கண்ணில் படும்படி மாட்டினேன், அவ்வளவுதான். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. அந்த வாரைத் தேய்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பையன், பிறகு வாழ்நாளெல்லாம் அதைத் தொடாமல் இருப்பதற்காகவே படித்தவர். அந்தப் பையனின் கை ஏற்றிய கருமையைத்தான் நான் எண்ணெயால் மூடினேன், சோப்பால் எடுத்தேன். சித்திரை வெயிலில் நான் மின்ன மின்னக் கொண்டுபோய்க் காட்டியபோது, அது கெட்டுவிட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்திருக்கும் ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருப்பேன்.

தினமும் காலையில் ஐம்பது தேய்த்தேன். முதல் மாதம் வரை பரப்பு மங்கலாக, சாயம் போன செருப்பு போல் கிடந்தது. மூன்றாம் மாதத்தில் கத்தி போகும்போது அந்த ஒலி முதன்முதலாகக் கேட்டது. ஓலைவிசிறியைத் தரையில் மெல்ல இழுத்தால் வருவது போல. கழுத்தில் கொப்புளம் நின்றது. ஓர் ஆண்டு போனபின் நடுவில் ஒரு நிறம் ஏறத் தொடங்கியது. அது பழைய கருமை இருந்த இடத்தில் ஏறவில்லை. பழையது மேல்முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கி, கீழ்முனை வரைக்கும் ஒரே சீராக ஓடியது. என்னுடையது மேலேயே தொடங்கி முக்கால்வாசியில் நின்றுவிட்டது. ஏன் என்று நான் யோசித்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நான் தேய்த்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். இடக்கையால் வாரின் கீழ்முனையை இழுத்துப் பிடித்து, வலக்கையின் அடிமேட்டை அழுத்தி, மேலே ஒரு சாண் விட்டுவிட்டுத் தொடங்கி, விரைவாக, சீராக, மூச்சுக்கூட மாறாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார் என்று உதட்டைப் பார்த்தால் தெரிந்தது. முடித்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கீழ்முனையை விட்டுடுறே" என்றார். "கத்தி திரும்புறது அங்கதான்."